அடிப்பிடித்த மிச்சம்: ஐடஹோவின் கடைசி 9 லட்சம் கேலன்

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஐடஹோ ஃபால்ஸ் நகரத்துக்கு மேற்கே ஒரு வறண்ட சமவெளி. அங்கே மண்ணுக்கடியில், கான்கிரீட் அறைகளுக்குள், மூன்று துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகள். ஒவ்வொன்றும் 3 லட்சம் கேலன் கொள்ளும். மூன்றிலும் சேர்த்து சுமார் 9 லட்சம் கேலன் கதிரியக்கத் திரவக் கழிவு இருந்தது. நம் கணக்கில் 34 லட்சம் லிட்டர். 2012 முடிவதற்குள் இதைத் திடப்பொருளாக்கி முடித்துவிடுவதாக மாநிலத்துக்கும் மத்திய எரிசக்தித் துறைக்கும் பேச்சு. அதற்கென்றே கட்டிய ஆலைக்குள் உண்மையான கழிவு முதன்முதலாகப் போனது 2023 ஏப்ரலில்.

நடுவில் போன பத்து வருடங்களைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். ஒப்பந்ததாரர் சொதப்பிவிட்டார் என்பது ஒன்று. அரசுத் துறைக்குத் திட்டம் நடத்தத் தெரியவில்லை என்பது இன்னொன்று. இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் கோப்பை ஆரம்பத்திலிருந்து படித்தால் வேறொன்று கண்ணில் படும். இந்தத் திரவம் தொட்டியில் மிஞ்சியதற்கே காரணம், அது ஒட்டும் குணமுள்ளது என்பதுதான். திட்டம் போட்டவர்கள் அதை எத்தனை கேலன் என்று அளந்தார்கள். எப்படிப்பட்ட கேலன் என்ற கேள்விக்கு ஆலை கட்டி முடிந்த பிறகுதான் பதில் கிடைத்தது.

மிச்சம் எப்படி மிச்சமானது

இந்த இடத்தில் 1953 முதல் 1992 வரை, பயன்படுத்திய அணு எரிபொருளைக் கரைத்து யுரேனியத்தைப் பிரித்தெடுத்தார்கள். கடற்படையின் உலைகளிலிருந்து வந்தது, ஆராய்ச்சி உலைகளிலிருந்து வந்தது என்று பலவகை எரிபொருள். கரைக்க அமிலம் வேண்டும். ஆகவே கழிவும் அமிலமாகவே வரும். இதே வேலை நடந்த வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டிலும் தென் கரோலினாவின் சவானா ரிவரிலும் அந்த அமிலத்தில் காரத்தைக் கொட்டிச் சமன்செய்து சாதாரண கார்பன் எஃகுத் தொட்டிகளில் விட்டார்கள். ஹான்ஃபோர்டில் பல தொட்டிகள் பின்னால் கசிந்தன. ஐடஹோவில் செலவு கூடினாலும் பரவாயில்லை என்று துருப்பிடிக்காத எஃகில் அமிலத்தை அப்படியே வைத்தார்கள். இங்கே குழாய்கள் கசிந்ததுண்டு, தொட்டிகள் கசிந்ததில்லை. சுமார் 140 மீட்டர் கீழே ஸ்நேக் ரிவர் சமவெளியின் பெரிய நிலத்தடி நீர்ப்படுகை ஓடுகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இந்தக் கதையில் யாரும் பாராட்டாத நல்ல முடிவு இதுதான்.

அமிலமாக வைத்ததால் இன்னொரு வசதியும் கிடைத்தது. 1963-ல் உலகிலேயே முதன்முதலாகப் பெரிய அளவில் இந்தக் கழிவை வறுத்துத் தூளாக்க ஆரம்பித்தார்கள். கால்சினேஷன் என்று பெயர். சுமார் 500 டிகிரி சூட்டில், கீழிருந்து காற்று ஊதிக் கொதிப்பதுபோல் குமிழ்ந்துகொண்டிருக்கும் மணிப் படுகைக்குள் திரவத்தைத் தெளிப்பார்கள். நீர் ஆவியாகும், நைட்ரேட்டுகள் சிதையும், உலோக ஆக்சைடு மணிகளாக மிஞ்சும். இரண்டு ஆலைகள் ஒன்றன்பின் ஒன்றாக 2000 வரை இந்த வேலையைச் செய்தன. சுமார் 80 லட்சம் கேலன் திரவம் 4,400 கன மீட்டர் தூளானது. தேசம் முழுக்கத் திரவக் கழிவை என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த காலத்தில், ஐடஹோ மட்டும் சத்தமில்லாமல் வறுத்துக்கொண்டிருந்தது.

அப்படியானால் இந்த 9 லட்சம் கேலனை ஏன் வறுக்கவில்லை?

இது எரிபொருளைக் கரைத்தபோது நேரடியாக வந்த கழிவில்லை. பெரும்பகுதி, குழாய்களையும் பாத்திரங்களையும் கழுவிச் சுத்தம் செய்த திரவம். கழுவப் பயன்பட்டவை சோடியம் கலந்த ரசாயனங்கள். அதனால் இதற்கு சோடியம் கழிவு என்றே பெயர் வந்துவிட்டது. அலுமினியம் நைட்ரேட் சூட்டில் சிதைந்து ஆக்சைடாகிவிடும். சோடியம் நைட்ரேட் அப்படிச் செய்யாது. 308 டிகிரியிலேயே உருகும். 500 டிகிரிப் படுகைக்குள் அது உருகிய பசைதான். மணிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், கட்டி கீழே உட்காரும், காற்று போகும் வழி அடைபடும். சமையலறையில் நாம் அடிப்பிடித்துவிட்டது என்கிறோமே, அதேதான். இதைச் சமாளிக்க அலுமினியம் நைட்ரேட்டை நிறையக் கலந்து சோடியத்தின் அடர்த்தியைக் குறைத்தார்கள். குறைத்தால் ஒட்டாது, ஆனால் வறுக்க வேண்டிய அளவு கூடிவிடும். ஆகவே எளிதானதை முதலில், கடினமானதை அப்புறம். எந்த அலுவலகத்திலும் கோப்புகள் இப்படித்தான் தேங்கும். 2000-ல் புகைவெளியீட்டு விதிகள் கடுமையாக, அந்தச் செலவைச் செய்து ஆலையை மேம்படுத்துவதைவிட நிறுத்துவதே மேல் என்று கால்சினேஷன் ஆலையை மூடினார்கள். தேங்கியது தேங்கியபடியே நின்றது.

தேதி முதலில் வந்தது

1995 அக்டோபரில் ஐடஹோ ஆளுநர் ஃபில் பாட், கடற்படை, எரிசக்தித் துறை மூன்று தரப்பும் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. பயன்படுத்திய எரிபொருளை ஐடஹோவுக்கு அனுப்பிக்கொண்டே இருப்பதா என்று வருடக்கணக்காக நடந்த வழக்கின் முடிவு அது. அதில் பல தேதிகள் இருந்தன. சோடியம் கழிவை 2012-க்குள் திடமாக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

இதில் கவனிக்க வேண்டியது வரிசை. தேதி 1995-ல் வந்தது. எந்த முறையில் திடமாக்குவது என்ற முடிவு 2005-ல்தான் வந்தது. பத்து வருடம் கிட்டத்தட்ட ஆராய்ச்சியிலும் சுற்றுச்சூழல் அறிக்கையிலும் போயிற்று. பரிசீலித்த வழிகளில் கண்ணாடியாக்குவது இருந்தது. கடும் கதிரியக்கமுள்ள சீசியத்தை மட்டும் பிரித்தெடுத்துவிட்டு மீதியைச் சிமெண்டில் கலப்பது இருந்தது. நேரடியாக ஆவியாக்குவதும் பழைய வறுக்கும் ஆலையைப் புதிய விதிகளுக்கேற்பத் திருத்துவதும் இருந்தன. தேர்ந்தெடுத்தது நீராவி மறுசீரமைப்பு எனும் முறை. அதுவரை இப்படிப்பட்ட கழிவில், இந்த அளவில், யாரும் ஓட்டிப் பார்க்காதது.

தேர்வு முட்டாள்தனமானதென்று நான் சொல்ல மாட்டேன். காகிதத்தில் அது அழகான முறை. கண்ணாடி ஆலை போல ஆயிரத்துக்கு மேல் சூடு வேண்டாம். நைட்ரேட் எல்லாம் வெறும் நைட்ரஜன் வாயுவாகிவிடும், மஞ்சள் புகை இல்லை. வெளியே வருவது சோடியம் கார்பனேட் மணிகள். அதை எஃகு உருளைகளில் அடைத்து நியூ மெக்சிகோவில் அணுக்கழிவைப் புதைக்கும் உப்புச் சுரங்கத்துக்கு அனுப்பலாம் என்று எண்ணம். ஆனால் முடிவெடுத்த நாளில் கெடுவுக்கு ஏழு வருடம்தான் பாக்கி. அதற்குள் வடிவமைத்து, அனுமதி வாங்கி, கட்டி, ஓட்டி, 9 லட்சம் கேலனையும் முடித்தாக வேண்டும். சோடியம் கழிவு முடிந்ததும் அதே கட்டடத்தை பழைய 4,400 கன மீட்டர் தூளுக்கும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றுகூட யோசித்து வைத்திருந்தார்கள். நம்பிக்கைக்குக் குறைவில்லை.

ஒப்பந்தம் சிஎச்2எம்-டபிள்யூஜி ஐடஹோ என்ற கூட்டு நிறுவனத்துக்குப் போயிற்று. 2007-ல் கட்டுமானம் தொடங்கியது. செலவு ஏறிக்கொண்டே போக, எரிசக்தித் துறை 57.1 கோடி டாலருக்கு மேல் தர மாட்டேன் என்று கோடு கிழித்தது. 2012 ஏப்ரலில் ஆலை கட்டி முடிந்ததாக அறிவித்தார்கள். பெயர் இன்டகிரேட்டட் வேஸ்ட் ட்ரீட்மென்ட் யூனிட், எல்லோரும் ஐ.டபிள்யூ.டி.யு. என்பார்கள்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஏப்ரல் கடைசியிலிருந்து டிசம்பர் 31 வரை சுமார் 245 நாட்கள். 9 லட்சத்தை வகுத்தால் நாளுக்கு சுமார் 3,670 கேலன், அதாவது நிமிடத்துக்கு இரண்டரை கேலன். சோதனை ஓட்டத்துக்கு ஒரு நாள் இல்லை, பழுதுக்கு ஒரு நாள் இல்லை, வடிகட்டி மாற்ற ஒரு மணி நேரம்கூட இல்லை. உலகத்திலேயே முதல் முறையாக ஓடப்போகும் ஆலைக்கு இது அட்டவணையாகுமா? நேர்மையாகப் பார்த்திருந்தால் கட்டி முடித்த நாளிலேயே கெடு தவறிவிட்டதென்று தெரிந்திருக்கும். கெடுவை யாரும் அப்போது வெளிப்படையாகக் கைவிடவில்லை. கெடு நெருங்க நெருங்கச் சோதனைதான் முதலில் சுருங்கும்; ஏனென்றால் சோதனையை யாரும் கட்டடத்தைப்போலக் கண்ணால் பார்ப்பதில்லை.

ஒரு துளிக்கு என்ன நேர்கிறது

மேலாண்மைக் கதையைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு உலைக்குள் எட்டிப் பார்ப்போம். அங்கேதான் எல்லாம் இருக்கிறது.

நெட்டுக்குத்தான பெரிய உலோகப் பாத்திரம். உள்ளே மணிப் படுகை. கீழிருந்து அதிசூடான நீராவி ஊதுகிறது. மணிகள் கொதிக்கும் கஞ்சிபோல் புரள்கின்றன. சூடு சுமார் 650 டிகிரி. கூடவே கரியும் போகிறது. கரியும் நீராவியும் சேர்ந்து ஹைட்ரஜனையும் கார்பன் மோனாக்சைடையும் தரும். அவை நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனைப் பறிக்கும். பக்கவாட்டு நாசில் வழியாகக் கழிவு பொடித்துளிகளாகத் தெறிக்கிறது.

இப்போது ஒரே ஒரு துளியை மட்டும் கவனியுங்கள். உள்ளே வந்ததும் நீர் ஆவியாகிறது. மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் நைட்ரேட். அது 308 டிகிரியில் உருகுவது, சூடோ 650. ஆக அது திரவம், அதிலும் பசை. மெல்ல வினைபுரிந்து சோடியம் கார்பனேட்டாகிறது. கார்பனேட் தூய நிலையில் உருகுவது 851 டிகிரியில். ஆகவே அது இந்தச் சூட்டில் திடம். பசையாக வந்த துளி கல்லாக மாறிவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஏதாவதொரு மணியின் மேல் இந்த மாற்றம் நடந்துவிட்டால் மணி கொஞ்சம் பருக்கும், அவ்வளவுதான். துளி பசையாக இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் சுவரைத் தொட்டுவிட்டால்? சுவரிலேயே கல்லாகும். அடுத்தது அதன் மேல், அதற்கடுத்தது அதற்கும் மேல்.

ஆகவே வெற்றி தோல்வி மூன்று விஷயங்களில் நிற்கிறது: துளி எவ்வளவு நைசாக உடைகிறது, மணிகள் நாசிலின் முன்னால் எவ்வளவு வேகமாகப் புரள்கின்றன, கீழிருந்து ஊதும் வாயு எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுகிறதா. ரசாயனம் சரிதான். இயக்கம்தான் கேள்வி. இயக்கம் அளவோடு மாறும் என்பது ரசாயனப் பொறியாளர்களுக்குப் பழகிய தலைவலி. சிறிய பாத்திரத்தில் குமிழ்கள் சிறியவை, கலப்பு நன்றாகத் தெரியும். பெரிய பாத்திரத்தில் குமிழ்கள் ஒன்றுசேர்ந்து பெரிதாகும். ஒரு மூலை தூங்கும், இன்னொரு மூலை ஆடும். முறையை முன்கூட்டியே கொலராடோவில் சிறிய அளவிலான சோதனை உலையில் ஓட்டிப் பார்த்துத்தான் இருந்தார்கள். ரசாயனம் வேலை செய்கிறதென்று அது காட்டியது. முழு அளவுப் பாத்திரத்தில் வாரக்கணக்காக ஓட்டினால் எந்தச் சுவரில் என்ன சேரும் என்பது அந்த அளவில் தெரியக்கூடிய சங்கதியில்லை.

2012 ஜூன் 16

முதல் அடி பசையால் விழவில்லை, கரியால் விழுந்தது. ஆலையை முதன்முதலாகச் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். கதிரியக்கக் கழிவு இன்னும் பக்கத்திலேயே வரவில்லை. சூடேற்றும் கட்டத்தில் உள்ளே போட்ட கரி, வினைபுரிந்து தீருவதைவிட அதிகமாகச் சேர்ந்துவிட்டது. வடிகட்டிகள் கரித்தூளால் அடைத்துக்கொண்டன, அழுத்தம் ஏறியது, பாதுகாப்பு அமைப்பு ஆலையை நிறுத்தியது. யாருக்கும் காயமில்லை, கதிரியக்கக் கசிவு என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் டிசம்பர் 31 என்ற தேதி அன்றே செத்துவிட்டது.

அதற்குப் பிறகு நடந்தது சுருக்கமாக: கருவிகளைத் திருத்தினார்கள், நடைமுறைகளை மாற்றினார்கள், புதுத் தேதி வாங்கினார்கள், அதுவும் போயிற்று. மாநிலத்தின் சுற்றுச்சூழல் துறை ஒரு கட்டத்தில் நாளுக்கு 3,600 டாலர் அபராதம் போட்டது, பிறகு அதை 6,000 ஆக்கியது. நூறு கோடி டாலரைத் தொடும் திட்டத்துக்கு அது கொசுக்கடி.

உண்மையில் கடித்தது வேறு. ஐடஹோ தேசிய ஆய்வகம் ஆராய்ச்சிக்காக இல்லினாயின் பைரன் அணுமின் நிலையத்திலிருந்து 25 எரிபொருள் தண்டுகளைக் கொண்டுவர விரும்பியது. 1995 உடன்பாட்டின்படி மாநிலம் விலக்கு தந்தால்தான் முடியும். திரவக் கழிவு ஆலை ஓடாதவரை விலக்கு கிடையாது என்று மாநில அட்டர்னி ஜெனரல் லாரன்ஸ் வாஸ்டன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். ஆராய்ச்சிப் பணம் கைநழுவுகிறதே என்று உள்ளூரிலேயே அவரைத் திட்டினார்கள். அவர் அசையவில்லை. 2019-ல் இரு தரப்பும் புது உடன்பாடு போட்டபோதும், முதலில் ஆலை கழிவை எடுக்கட்டும், பிறகு தண்டு வரட்டும் என்ற வரிசை மாறவில்லை. தாமதமாகும் திட்டத்துக்கு அபராதத் தொகையைவிட, தாமதம் செய்பவர் விரும்பும் வேறொன்றைப் பிடித்து வைப்பது நன்றாக வேலை செய்யும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு நான் பார்க்கவில்லை.

மரப்பட்டை

கரிப் பிரச்சினையைத் தாண்டிய பிறகுதான் பசையின் முறை வந்தது. கதிரியக்கம் இல்லாத, மற்றபடி அதே ரசாயனக் கலவையுள்ள போலிக் கழிவை ஊற்றி ஓட்டினார்கள். ஓட்டம் முடிந்து உலையைத் திறந்து பார்த்தால் உட்சுவரில் திட்டுத் திட்டாகக் கடினமான படிவு. மரத்தின் பட்டை போலிருந்ததால் அதற்குப் பட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். சுவரில் இருக்கும்வரை அது வெறும் படிவு. பெயர்ந்து விழுந்தால் அடியில் மணிகளை வெளியேற்றும் திருகு உருளையில் போய்ச் சிக்கும், ஊதுவழிகளை மறைக்கும். ஊதுவழி மறைந்தால் அந்தப் பக்கம் மணிகள் தூங்கும். மணிகள் தூங்கினால் துளிகள் சுவருக்குப் போகும், இன்னும் பட்டை சேரும். தன்னைத்தானே வளர்த்துக்கொள்ளும் நோய் அது.

1970-களில் வறுக்கும் ஆலையில் வேலை பார்த்த யாராவது அந்தப் பட்டையைப் பார்த்திருந்தால் சிரித்திருப்பார் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். வேறு உலை, வேறு சூடு, வேறு பெயர், அதே சோடியம்.

2016 ஜூனில் ஒப்பந்தம் ஃப்ளூவர் ஐடஹோவுக்கு மாறியது. இந்த ஆய்வில் என் மதிப்பீட்டில் திருப்புமுனை இதுதான். வந்தவர்கள் ஆலையைத் தொடங்கும் தேதியைச் சொல்லி ஆரம்பிக்கவில்லை. வேலையைக் கட்டங்களாகப் பிரித்தார்கள். முதலில் என்ன கோளாறு என்று கண்டுபிடிப்பது. அப்புறம் அதைத் திருத்திச் சோதிப்பது. தொடங்குவதும் ஓட்டுவதும் கடைசிக் கட்டங்கள். எளிய மாற்றமாகத் தெரியும். ஆனால் அதுவரை ஒவ்வொரு சூடேற்றமும் தொடக்கத்துக்கான ஒத்திகை என்றுதான் நடந்தது. ஒத்திகையில் கோளாறு வந்தால் அது தடங்கல். கண்டுபிடிப்பதே வேலை என்றான பிறகு, கோளாறு வந்தால் அது வேலை நடந்ததற்கு அடையாளம். ஓட்டுபவர் பதிவேட்டில் எதை எழுதுவார், எதை விழுங்குவார் என்பதை இந்த வித்தியாசம்தான் தீர்மானிக்கிறது.

கவனம் உலையின் அடிப்பகுதிக்குப் போனது. வாயுவைப் பரப்பும் அமைப்பை மாற்றினார்கள், நாசில்களில் கைவைத்தார்கள், விழும் பட்டையை அரைத்துத் தள்ளும்படி வெளியேற்றும் திருகைத் திருத்தினார்கள். போலிக் கழிவு ஓட்டங்கள் நாட்களிலிருந்து வாரங்களாக நீண்டன. கடைசியாக 2022-ல் முடிந்த உறுதிப்படுத்தும் ஓட்டம் 65 நாட்கள் நடந்தது. பட்டை முழுக்க ஒழிந்ததா என்பதைவிட, பட்டை இருந்தாலும் ஆலை ஓடுமா என்ற கேள்விக்குத்தான் அந்த ஓட்டம் பதில் சொல்ல வேண்டியிருந்தது. ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் அதுதான்.

நியூயார்க் மாநிலத்தில் வேறு வரிசை

ஒப்பிட ஒரு திட்டம் கைவசம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தில் பஃபலோவுக்குத் தெற்கே வெஸ்ட் வேலி என்ற இடத்தில் ஒரு தனியார் நிறுவனம் 1966 முதல் 1972 வரை எரிபொருளைப் பிரித்தெடுத்துவிட்டு, சுமார் 6 லட்சம் கேலன் திரவத்தை மாநிலத்தின் தலையில் விட்டுப் போனது. 1980-ல் காங்கிரஸ் இதற்கென்றே தனிச் சட்டம் போட்டது: செலவில் 90 சதவீதம் மத்திய அரசு, 10 சதவீதம் மாநிலம், திரவத்தைத் திடமாக்கிக் காட்டு. சட்டத்தின் பெயரிலேயே செயல்விளக்கம் என்ற சொல் இருந்தது.

அங்கே கண்ணாடி உலையை 1984 முதல் 1989 வரை ஐந்து வருடம் கதிரியக்கம் இல்லாமல் ஓட்டிப் பார்த்தார்கள். வார்ப்பு தொடங்கும் முன் தொட்டி வேலையும் நடந்தது. மேலே தெளிந்து நின்ற நீரை ஜியோலைட் என்ற கனிமத்தின் வழியாக விட்டு சீசியத்தைப் பிடித்தார்கள். மிஞ்சிய உப்புநீரைச் சிமெண்டில் கலந்து கிட்டத்தட்ட 20,000 பீப்பாய்களில் அடைத்தார்கள். அடியில் உட்கார்ந்த சேற்றைக் கழுவினார்கள். உண்மையான கண்ணாடி வார்ப்பு தொடங்கியது 1996-ல்தான். 2002-ல் முடிந்தது: 275 எஃகு உருளைகள், ஒவ்வொன்றும் பத்தடி உயரம்.

சட்டம் வந்து முதல் கண்ணாடி வர 16 வருடம். ஐடஹோவில் முறையை முடிவு செய்ததிலிருந்து முதல் கழிவு உள்ளே போக 17 வருடம் சொச்சம். பார்த்தீர்களா, கணக்கு ஏறக்குறைய ஒன்றுதான்! வெஸ்ட் வேலி அந்த வருடங்களைச் சோதனை என்று முன்கூட்டியே எழுதிச் செலவழித்தது. ஐடஹோ அதே வருடங்களைத் தாமதம் என்ற பெயரில், அபராதத்தோடும் அவமானத்தோடும் செலவழித்தது. கண்ணாடி நன்கு தெரிந்த முறை, நீராவி முறை புதிது என்பதால் ஒப்பீடு முழுக்க நியாயமில்லை என்று சொல்லலாம். சரி, அப்படியானால் புதிய முறைக்குத்தானே சோதனைக் காலம் இன்னும் நீளமாக இருந்திருக்க வேண்டும்?

ஒரு விஷயத்தில் ஐடஹோவுக்கு நான் முழு மதிப்பெண் தருவேன். 2012 முதல் 2023 வரை எவ்வளவு நெருக்கடி வந்தாலும் உண்மைக் கழிவில் ஒரு சொட்டைக்கூட உள்ளே விடவில்லை. போலிக் கழிவு உள்ளே இருந்தவரை சுவர் ஓரமாகப் போய்ப் பார்க்கலாம், வெட்டலாம், திரும்பப் பொருத்தலாம். உண்மைக் கழிவு ஒருமுறை போய்விட்டால் அந்த அறைக்கு ஆள் போவது நின்றுவிடும். அதன் பிறகு பட்டையைப் பெயர்ப்பது எல்லாம் தொலைவிலிருந்துதான். கெடுவைக் காப்பாற்ற 2013-லோ 2014-லோ கொஞ்சமாவது ஊற்றிக் கணக்குக் காட்டலாம் என்ற ஆசையை அடக்கியவர்கள் யார் என்று கோப்புகளில் தனியாகத் தெரியாது. அவர்கள்தான் இந்தத் திட்டத்தைக் காப்பாற்றினார்கள்.

ஓட ஆரம்பித்த பிறகு

2022 ஜனவரியில் ஒப்பந்தம் இரண்டாவது முறையாகக் கைமாறி ஐடஹோ என்விரான்மென்டல் கோலிஷனிடம் வந்தது. 2023 ஏப்ரலில் உண்மைக் கழிவு உள்ளே போயிற்று. செப்டம்பரில் நிறுத்தினார்கள். இந்தத் தடவை கரியுமில்லை, பட்டையுமில்லை, பாதரசம். ஒருகாலத்தில் அலுமினிய உறையுள்ள எரிபொருளைக் கரைக்கப் பாதரசத்தை ஊக்கியாகப் போட்டார்கள். அது கழிவோடு தொட்டிக்கு வந்து, இப்போது உலையின் சூட்டில் ஆவியாகி வெளிவாயுவோடு போகிறது. அதைப் பிடிக்கத்தான் கார்பன் படுகைகள். அந்தக் கார்பனை மாற்ற ஆலை நிற்க வேண்டியிருந்தது. அதுவரை முடித்தது சுமார் 68,000 கேலன். 2012-ன் அட்டவணைப்படி அது 19 நாள் வேலை.

2024-ல் ஆலை மறுபடி ஓடியது. வெளியே வரும் மணிகள் பத்தடி எஃகு உருளைகளில் நிரம்பி, கான்கிரீட் பெட்டகத்துக்குப் பதினாறாக அடுக்கப்படுகின்றன. தொட்டிகள் காலியானதும் கழுவி, ஏற்கெனவே 2007-க்குள் மூடிய 11 தொட்டிகளைப்போலச் சிமெண்டுக் கலவையால் நிரப்ப வேண்டும். உருளைகள் நியூ மெக்சிகோவுக்குப் போவதாகத்தான் ஆரம்பத்தில் பேச்சு. ஆனால் அங்குள்ள சுரங்கத்தின் மாநில அனுமதி, ஒருகாலத்தில் உயர்நிலைக் கழிவாக, அதாவது மிகக் கடுமையான கதிரியக்கக் கழிவாக, கையாளப்பட்ட தொட்டிக் கழிவை ஏற்பதில்லை. இது அந்த வகையில் சேராது என்கிறது எரிசக்தித் துறை. அது தீரும்வரை பெட்டகங்கள் ஆலைக்குப் பக்கத்திலேயே வரிசையாக நிற்கின்றன.